கிணற்றடியில் நின்ற முதுகு

எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு கிடையாது. பிரித்துக்கொள்ளச் சொத்து இருந்தால்தானே! எங்கள் தகராறெல்லாம் ஒரு முதுகைப் பற்றியது. ஒரு பழைய கறுப்புவெள்ளை சினிமாப் படத்தில், கிணற்றடியில், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அந்த முதுகு என் அம்மாவுடையதா, சித்தியுடையதா? இந்த ஒரு கேள்விக்காக அக்காளும் தங்கையும் பல வருடங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை, ஏனென்றால் நான் அம்மா கட்சி.

முதலில் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பணக்கார வீட்டுப் பெண் காணாமல் போகிறாள். அவளை அச்சில் வார்த்தது போல இருக்கும் ஓர் ஏழைப்பெண்ணைப் பார்த்து, இவள்தான் நம் மகள் என்று தூக்கி வந்து நடுவீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவள் “நான் அவளில்லை, நான் அவளில்லை” என்று கத்தக் கத்த, ஐயோ, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வைத்தியரைக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் உண்மையான மகள் திரும்பி வருகிறாள். இருவரும் ஒரு கிணற்றடியில் எதிரெதிரே நிற்கிறார்கள். இரண்டு வேடமும் ஒரே நடிகைதான். அப்படியானால் ஒருத்தி முகம் தெரிய நிற்கும்போது மற்றவளுக்கு முதுகுதான் தெரிய வேண்டும். அதற்காக அதே உயரம், அதே உடல்வாகுள்ள வேறொரு பெண்ணை நிறுத்துவார்கள். சினிமாவில் அவளுக்கு டூப் என்று பெயர்.

அந்தக் கிணற்றடியை எடுக்கத்தான் சோழவந்தான் பக்கம் அம்மாவின் ஊருக்கு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். சென்னையிலிருந்து கூட்டி வந்த டூப்புக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்கிவிட்டது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நெட்டையாக நின்ற அம்மாவை, “நீ வாம்மா” என்று கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அப்போது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நடிகையின் சேலை மாதிரியே ஒரு சேலையைக் கட்டிவிட்டு, அசையாமல் நில் என்றார்கள். அம்மா நின்றாள். பாதியில் வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு மறுபடி எடுக்கலாம் என்றார்கள்.

நாளைக்கு எங்கே போவது? அம்மா வீடு வந்து சேருமுன் சேதி வந்து சேர்ந்திருந்தது. தாத்தா இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தகப்பனில்லாத பிள்ளைகள் என்று ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்தவள் என் அம்மாச்சி. விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தி, நெல் மூட்டை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள். மறுநாள் சித்தி என்ன செய்தாள் தெரியுமா? அக்காவைத் திறந்துவிடுவாள் என்று பார்த்தால், “அக்கா வரல, நான் நிக்கிறேன்” என்று படம் எடுத்த தோப்புக்கு ஓடிவிட்டாள்! அவளும் அதே உயரம், அதே வாகு. அவளும் நின்றாள். நின்றுகொண்டிருக்கும்போதே அம்மாச்சி வந்து சடையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப் போனாள். ஆக, இரண்டு பேரும் நின்றது உண்மை. படத்தில் வந்தது யார் என்பதுதான் தகராறு.

படம் வந்தது. வந்த சுருக்கில் போனது. மதுரைக் கொட்டகையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அம்மாச்சி இரண்டு பேரையும் அந்தப் பக்கமே போகவிடவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை மட்டும் ஊர் வாத்தியார் டீக்கடையில் உரக்கப் படித்தாராம். கதையில் ஓட்டை, பாட்டில் சுரத்தில்லை, இப்படி ஓர் ஆள்மாறாட்டத்தைப் பச்சைப்பிள்ளைகூட நம்பாது என்று வறுத்தெடுத்திருந்த விமர்சகர், ஒரே ஓர் இடத்தை மட்டும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தாராம். கிணற்றடியில் நடிகை முகத்தையே காட்டாமல் முதுகாலேயே அழுகிறார், இவருக்குள் இவ்வளவு நடிப்பு இருப்பது இதுவரை தெரியாமல் போயிற்றே என்று. பார்த்தீர்களா வேடிக்கையை? ஆள்மாறாட்டப் படத்துக்கு விமர்சனம் எழுத வந்தவரே ஆளை மாற்றிப் பாராட்டிவிட்டார்.

அம்மாவுக்கு அது போதும். படித்தது எட்டாவது, பார்த்தது வயல் வேலை, பிறகு மதுரைச் செல்லூரில் என் அப்பாவுக்குத் தறி வேலையில் ஒத்தாசை. அவளை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. ஆனால் அவள் முதுகைப் பத்திரிகையில் பாராட்டியிருக்கிறார்கள்! தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூடத்தில் என் டீச்சரிடம் என்று அவள் இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. எனக்கும் பெருமை தாங்காது. சின்ன வயதில் அம்மா சோறு வடிக்கும்போது பின்னால் நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வினை என் மகளின் காதுகுத்து விருந்தில் வந்தது. அம்மா வழக்கம் போலச் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துக் கதையை ஆரம்பித்தாள். பக்கத்தில் அம்மாச்சி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள், சித்தி பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள்.

“எம்புட்டு நாளைக்குத்தான்க்கா இதச் சொல்லிக்கிட்டுத் திரிவ? ஒன்னைய எடுக்கயிலதான் வெளிச்சம் போயிருச்சே. அது எம் முதுகு.”

“யாரு முதுகுடி? ஒன்னைய எடுத்து முடிக்கிறதுக்குள்ளதான் ஆத்தா சடையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சு!”

“அதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. டைரக்டரே கைதட்டுனாரு.”

“ஆமா, மாலையும் போட்டாரு. போடி இவளே!”

சம்பந்தி முன்னால் மானம் போயிற்று. அன்றைக்கு நின்ற பேச்சுத்தான். அதன்பிறகு விசேஷங்களுக்கு இருவரும் வருவார்கள், முறை செய்வார்கள், ஒருத்தி முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவள் இரண்டாம் பந்தி. என் அப்பா சாவுக்குக்கூடச் சித்தி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாளே தவிர, அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை. படம் மட்டும் ஒரு தடவை கையில் கிடைக்கட்டும், சித்தி முகத்துக்கு நேரே போட்டுக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். படம்தான் எங்கேயுமே இல்லை.

இந்த வருடம் கிடைத்துவிட்டது! நான் கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். மத்தியானச் சோற்றுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே போனைப் பார்த்தால், அந்தப் படத்தின் பெயர்! எங்கோ ஒரு குடோனில் கிடந்த பிரதியை எடுத்துத் தூசி தட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்களாம். அன்றைக்குக் குப்பை என்று ஒதுக்கிய படத்தை இன்றைக்கு விமர்சகர்கள் எல்லாம் காலத்துக்கு முந்திப் பிறந்த முத்து என்கிறார்களாம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியின் திரைப்படச் சங்கத்தில், சனிக்கிழமை மத்தியானம், சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்து பேச, படம் போடப் போகிறார்கள். நான் போட்ட கத்தலில் பக்கத்து மேசைக்காரர் மோரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து சங்கத்துப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். சார், அந்தக் கிணற்றடி முதுகு நடிகையோடதில்லை, எங்கம்மாவோடது என்றேன். அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கி, “மேடம், காலையில இன்னொருத்தரும் பேசினார். அது அவங்க அம்மான்னு சொன்னாரே?” என்றார். வேறு யார், சித்தி மகன்தான்! ஒத்தக்கடையில் வீடு, கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரம். உடனே அந்தத் தம்பிக்குப் போன் அடித்தேன்.

“ஏன்டா, எங்கம்மா முதுகுக்கு நீ எப்படிடா பட்டா போடுவ?”

“அக்கா, சனிக்கிழமை தெரிஞ்சிரப்போகுது. அதுவரைக்கும் ஏன் கத்துற? எங்கம்மா பட்டுச்சேலை எடுத்து வச்சிருச்சு.”

அதைச் சொன்னதும் அம்மாவும் பெட்டியைத் திறந்துவிட்டாள். சனிக்கிழமை காலையிலேயே குளித்து, அரக்குப் பட்டுக் கட்டி, கண்ணாடி முன் திரும்பி நின்றுகொண்டு, “எம் முதுகு இன்னும் நேராத்தான்டி இருக்கு?” என்று கேட்டாள். கூன் விழுந்து வருடங்கள் ஆகிறது. வேல் மாதிரி இருக்கு என்றேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கதை ஆரம்பமாகிவிட்டது. மாட்டுத்தாவணி தாண்டுவதற்குள் ஓட்டுகிற அண்ணனுக்குப் பாதிப் படம் முடிந்திருந்தது.

“அப்ப நீங்க ஹீரோயினா ஆத்தா?” என்றார் அவர்.

“ஹீரோயினோட முதுகுப்பா.”

“அட, நமக்கு அதுகூட வாய்க்கலியே ஆத்தா” என்று அவர் பெருமூச்சு விட்டார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு என் காதோரமாக, “அது நானா இல்லாட்டி என்னடி செய்யிறது?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் திக்கென்றது. ஒரு நாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை பொய்யாகப் போனால், இந்த வயதில் தங்கச்சி முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டுமே. “நீதாம்மா, வாயை மூடிட்டு வா” என்று அதட்டினேன். 

அரங்கில் பேராசிரியர் முதல் வரிசையில் எங்களுக்கு இடம் வைத்திருந்தார். சித்தி ஏற்கெனவே வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவளும் பட்டு. நான் வரப்பு மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் ஏறிய பேராசிரியர், மகிழ்ச்சி பொறுக்காமல், எல்லோருக்கும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். கிணற்றடியில் நின்றது நடிகை அல்ல என்று ஒரு தகவல் வந்திருக்கிறது, நின்றதாகச் சொல்லும் இரண்டு அம்மாக்களும் இங்கே இருக்கிறார்கள், படம் முடிந்ததும் அவர்களே மேடையேறிச் சொல்வார்கள் என்றார். கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்துக் கூரையைப் பிய்த்துவிட்டார்கள். விமர்சகர் நரையை மறைக்காத ஒரு பெண்மணி. அவர் எழுந்து, படம் கிடைக்காத இத்தனை ஆண்டுகளாக, பழைய விமர்சனத்தை நம்பி, எல்லா விமர்சகர்களும் அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் நடிகையைப் புகழ்கிறோம், நானே ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், தவறென்றால் இன்றே திருத்துகிறேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. 

படம் ஓடியது. நல்ல படம்தான், சும்மா சொல்லக் கூடாது. “நான் அவளில்லை” என்று அந்தப் பெண் கத்தும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள், போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. கிணறு வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

முதுகு வந்தது. தலை நிறைய மல்லிகை, இடுப்புவரை சடை. ஒரு கை கிணற்றுச் சுவரைப் பிடித்திருக்கிறது, மற்ற கை முழங்கையில் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. எதிரே நடிகை ஏதேதோ பேசுகிறாள். முதுகு அசையவில்லை. பிறகு தோள்பட்டை ஒரு தடவை மேலே ஏறி, இறங்கவே மாட்டேன் என்பது போல நின்று, மெல்ல இறங்குகிறது. அவ்வளவுதான்.  அம்மாடி, இதற்குத்தான் அன்றைக்கே அவர் அப்படி எழுதினார்! எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் என் மடியைத் தாண்டி ஒரு கை போயிற்று. சித்தியின் கை. அது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. சித்தி தோற்றதை ஒப்புக்கொண்டுவிட்டாள்! ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டே படியேறினார்கள். பேராசிரியர் மைக்கை அம்மாவிடம் கொடுத்தார். நான் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

“அது நானில்ல” என்றாள் அம்மா.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மைக் சித்தியிடம் போயிற்று.

“நானும் இல்ல. நாங்க நின்னதெல்லாம் வெட்டிட்டாங்க போல. அது அந்த நடிகைதான்.”

“ஆமா” என்று அம்மாவும் தலையாட்டினாள். “அந்தம்மாவேதான். நல்லா நடிச்சிருக்கு.”

விமர்சகர் சிரித்து, இருவரையும் கும்பிட்டு, அப்படியானால் என் புத்தகம் தப்பித்தது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நடிகை எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், அவளே எப்படி முதுகுமாவாள்? தந்திரக் காட்சியில் அதெல்லாம் முடியும் என்று பின்வரிசையில் யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யானைமலை பார்த்தாற்போல ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே கத்தினேன்.

“என்னம்மா இது? ஆயுசு பூரா சொல்லிட்டு, மைக்கக் கையில குடுத்ததும் பல்டி அடிக்கிற? நீயும் இல்லாம, சித்தியும் இல்லாம, அப்ப யாரு?”

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒங்க அம்மாச்சிடி” என்றாள் அம்மா.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மாதான் தன் கையை முழங்கையில் மடக்கி வயிற்றோடு வைத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாச்சிக்கு அந்தக் கை நீட்ட வராது. சின்னப்பிள்ளையில் வண்டியிலிருந்து விழுந்து, கட்டுக்கட்டியவர் கோணலாகக் கட்டிவிட்டார். இரண்டு மகள்களுக்கும் அவள் உயரம்தான், அவள் நின்றால் அப்படித்தான் நிற்பாள். நானும்தான் அவளோடு எத்தனை விடுமுறை கழித்திருக்கிறேன்! அம்மா முதுகு, அம்மா முதுகு என்று பார்த்தவளுக்கு அந்தக் கை கண்ணில் படவில்லை.

“என்னைய இழுத்துட்டு வரயில சினிமாக்காரங்க சேலையோடதான் இழுத்துட்டு வந்துச்சு” என்றாள் சித்தி. “மறுநா அதத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்னு போச்சு. அன்னைக்குக் கூட்டத்த உள்ள விடலைல்லக்கா, கயிறு கட்டிட்டாங்கள்ல? உச்சிக்கு முன்ன போனது, பொழுது சாயத்தான வந்துச்சு.”

“வந்ததும் நேரா தொட்டிக்குப் போயித் தலைக்கு ஊத்துச்சு” என்றாள் அம்மா. “சினிமாக்காரங்களத் தொட்டதுக்குத் தல முழுகுதுன்னு நாம சிரிச்சோம். பூ வாசம் போகணும்னு ஊத்தியிருக்குடி.”

 தாலி இறங்கிய பெண் தலையில் பூ. அன்றைக்கு ஒரு கண் அதைப் பார்த்திருந்தால் அவளை ஊரில் வாழவிட்டிருப்பார்களா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது அவளுக்கு என்னைவிட எவ்வளவோ சின்ன வயது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“நாம ரெண்டு பேரும் அம்புட்டு சண்டை போட்டமே அக்கா. சாகுறவரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துச்சு. ஒரு வார்த்த சொல்லலியே.”

“எப்படிடி சொல்லும்? அது சொல்லாதத நாம போயி மைக்குல சொல்லுவமா?”

“அடிச்ச கையோட தானும் போயி நின்னுருக்கு பாரு!” சித்திக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

“வாம்மா நில்லுன்னு கேட்டுருப்பாங்க. அதுக்கு முன்னாடி அத யாரு எதுக்குக் கேட்டா?”

இதை எழுதட்டுமா என்று பிற்பாடு நான் கேட்டபோது, பேரு போடாம எழுது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது பிற்பாடு. அப்போது பெஞ்சில் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, “எங்கப்பா போனதுக்கப்புறம் ஆத்தா தலையில நான் பூவே பாக்கலடி. இன்னொருவாட்டி போடச் சொல்லு. அந்த எடத்த மட்டும்” என்றாள்.

உள்ளே ஓடினேன். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கம்மாவுக்கு அந்த நடிகை என்றால் உயிர், ஒரே ஒரு தடவை என்று பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாவம், நல்ல மனுஷர், விளக்கை அணைக்கச் சொன்னார். காலியான அரங்கில் அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கிணறு வந்தது, மல்லிகை வந்தது, தோள்பட்டை ஏறி நின்றது. சித்தி நாற்காலியின் நுனிக்கு வந்து, திரையைப் பார்த்து, “ஆத்தா, கொஞ்சம் திரும்பேன்” என்றாள்.